கோணம் அளந்த கர்னல்



நம் கோயமுத்தூரில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் ஒரு மலை கண்ணில் படும். மேற்கே மருதமலையும் வெள்ளியங்கிரியும், வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. தினமும் பார்க்கிறோம். அதன் உயரம் எவ்வளவு என்று கேட்டால் புத்தகத்தைப் புரட்டிச் சொல்லிவிடுவோம். தொட்டபெட்டா 2,637 மீட்டர். சரி, அந்தக் கணக்கு எப்படி வந்தது? யாரும் கயிறு கட்டித் தொங்கவிட்டு அளக்கவில்லை. தூரத்தில் இருந்துகொண்டு, ஒரு குழாய் வழியாகப் பார்த்து, பார்வைக் கோடு எவ்வளவு மேலே தூக்கியிருக்கிறது என்று படித்துத்தான் மலைகளின் உயரத்தைக் கண்டார்கள். பள்ளிக்கூடத்தில் நாம் ஏற்றக் கோணம், இறக்கக் கோணம் என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான்.

சிவில் படித்தவன் என்ற முறையில் மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்றார்கள். கோணம் அளப்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்ட ஒரு மனிதரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அவர் பெயர் வில்லியம் லாம்டன். எவரெஸ்ட் என்ற பெயர் தெரியாத பிள்ளை கிடையாது. அந்த எவரெஸ்டுக்கு மேலதிகாரியாக, குருவாக இருந்தவர் லாம்டன். அவர் நம் கொங்கு மண்ணுக்கு வந்து, இங்கேயே கூடாரம் அடித்துத் தங்கி, பூமியின் அளவைக் கண்டவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஏழை வீட்டுப் பிள்ளை

லாம்டன் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் நார்த்தலர்டன் ஊருக்குப் பக்கத்தில், 1750களின் நடுவில் பிறந்தவர். வசதி இல்லாத குடும்பம். கணக்கு மட்டும் நன்றாக வந்தது. பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் போனார். 1781ல் யார்க்டவுனில் ஆங்கிலேயப் படை சரணடைந்தபோது இவரும் கைதியானார். பிறகு கனடாப் பக்கம் பல வருஷம் ஓர் ஓரத்து உத்தியோகம். நில அளவை வேலையும் அங்கே பழகினார். அந்தக் காலத்தில்தான் சூரிய கிரகணத்தைப் பாதுகாப்பில்லாமல் பார்த்து ஒரு கண்ணின் பார்வையைக் கெடுத்துக்கொண்டார். ஆக, பிற்காலத்தில் ஒரு தேசத்தையே தொலைநோக்கியில் பார்த்து அளந்த மனிதருக்கு இருந்தது ஒற்றைக் கண்!

1796ல் அவருடைய 33-வது ரெஜிமெண்ட் இந்தியாவுக்குப் புறப்பட்டது. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டண யுத்தம். ஒரு ராத்திரி, ஜெனரல் பேர்டு தலைமையில் போன படைப்பிரிவு இருட்டில் திசை தவறி திப்புவின் பாசறையை நோக்கியே நடந்துகொண்டிருந்தது. நட்சத்திரங்களைப் பார்த்து, நாம் தெற்கே போகவில்லை, வடக்கே போகிறோம் என்று லாம்டன் எடுத்துச் சொன்னார். படை திரும்பியது. வானத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் என்று பெயர் வந்துவிட்டது.

திப்பு விழுந்ததும் மைசூர் ராஜ்யத்தின் ஒரு பகுதியும், நம் கோயமுத்தூர்ச் சீமையும் கம்பெனியார் கைக்கு வந்தன. அப்போது லாம்டன் ஒரு யோசனை சொன்னார். தீபகற்பத்தைக் கடலுக்குக் கடல் முக்கோணங்களால் பின்னி அளக்க வேண்டும். அதே வேலையில் பூமியின் வடிவத்தையும் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். வயது கிட்டத்தட்ட ஐம்பது. நம்ம ஊரில் அந்த வயதில் ரிடயர்மெண்ட்டுக்கு எத்தனை வருஷம் பாக்கி என்று விரல் விட ஆரம்பித்திருப்போம். மனிதர் அப்போதுதான் ஆரம்பித்தார்.

எதிர்ப்பும் இருந்தது. சீரங்கப்பட்டணம் போகவேண்டும் என்றால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, அவர்களுக்கு வழி தெரியாதா, இதற்கு எதற்கு இத்தனை செலவு என்று சென்னை சர்க்காரில் ஒரு பெரியவர் கேலி செய்தாராம். கேலி ஒரு பக்கம் இருக்க, சென்னை கவர்னர் அனுமதி கொடுத்தார்.

சங்கிலியும் தியோடலைட்டும்

கருவிகள் வந்த கதையே ஒரு சினிமா எடுக்கலாம். நூறடி நீள எஃகுச் சங்கிலி, இரண்டரை அடிக் கண்ணியாக நாற்பது கண்ணி. இது சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாக 1793ல் மெக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுபோன சாமான்களில் ஒன்று. சீனாவில் எடுபடாமல் கல்கத்தா வந்து, அங்கிருந்து லாம்டன் கைக்கு வந்தது. பெரிய தியோடலைட்டை லண்டனில் கேரி என்பவர் செய்தார். எடை சுமார் அரை டன். கிடைவட்டத்தின் விட்டம் 36 அங்குலம்; ஏற்ற இறக்கம் பார்க்கும் செங்குத்து வட்டம் 18 அங்குலம். கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்து, இது பீரங்கி இல்லை, விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். சண்டைக்காரர்களிடமும் அந்தக் காலத்தில் அந்தப் பண்பு இருந்திருக்கிறது.

1802 ஏப்ரல் 10ந் தேதி, சென்னை பரங்கிமலை அருகே முதல் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார்கள். முக்கோணத்தில் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்கள் தானாக வந்துவிடும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் தரையில் இறங்கி நிஜமாகவே அளந்தாக வேண்டும். ஏழரை மைல் தூரத்துக்கு 57 நாள் ஆயிற்று! ஏன் என்று கேட்டால், சங்கிலி தரையில் படக்கூடாது. மரப்பெட்டிகளில் படுக்கவைத்து, முக்காலிகளில் தாங்கி, எடை கட்டி இழுத்து நிறுத்தி, வெயிலில் எஃகு நீளும் என்பதால் தெர்மாமீட்டர் வைத்து, ஒவ்வொரு நூறடியும் அளந்தார்கள். இப்படி நானூறு தடவை. தரை சரிந்திருக்கும் இடத்தில் சரிவுக் கோணத்தைப் பார்த்து, கிடைமட்டத் தூரமாக மாற்றவும் வேண்டும்.

அங்கிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாகப் போய், 1804ல் பெங்களூரில் இன்னொரு அடிக்கோடு அளந்தார்கள். சென்னையிலிருந்து கணக்குப் போட்டு வந்த நீளத்துக்கும் சங்கிலி போட்டு அளந்த நீளத்துக்கும் நாலு அங்குலம்கூட வித்தியாசம் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, இன்றைக்கும் இதைப் படித்தால் புல்லரிக்கிறது.

கடலுக்குக் கடல் அளந்து முடித்தபோது ஒரு வேடிக்கை. பழைய வரைபடங்களில் சென்னைக்கும் மேற்குக் கடற்கரைக்கும் நடுவே 400 மைல் என்று போட்டிருந்தார்கள். லாம்டன் கணக்கில் 360 மைல்தான் வந்தது. நாற்பது மைல் நிலம் காகிதத்தில் இருந்து காணாமல் போயிற்று.

கொங்கு மண்ணில்

1806ல் லாம்டன் கோயமுத்தூர் ஜில்லாவுக்கு வந்து அடிக்கோடு அளந்தார். அவருடைய கணக்கில் அந்த நிலையத்தின் பெயர் புட்சபோலியம். நம் பாளையம் ஆங்கிலேயர் வாயில் போலியமாகிவிட்டது! அந்த இடத்தின் அட்சரேகை 10 டிகிரி 59 நிமிடம் 42 விநாடி. 11 டிகிரிக்கு ஒரு முடி குறைவு.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. அதற்கு முந்தைய வருஷம், 1805ல்தான், கம்பெனியாரை எதிர்த்த நம் தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அந்த ரத்தம் காயுமுன்னே அளவைச் சங்கிலி வந்து இறங்கியது. அளப்பது அறிவுக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய். படை நடத்த, வரி போட, ஆள, வரைபடம் வேண்டியிருந்தது. குன்றுகளின் மேல் கொடிக்கம்பம் நட்டு, குழாய் வைத்து எட்டிப் பார்க்கும் வெள்ளைக்காரர்களை ஊர் ஜனங்கள் சந்தேகமாகப் பார்த்ததில் தப்பே கிடையாது. லாம்டனைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் கட்சி. அரை டன் கருவியைத் தோளில் சுமந்து மலை ஏறிய கூலிக்காரர்களின் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் ஒரு கோணமும் இல்லை.

சரி, புட்சபோலியத்தில் அப்படி என்ன விசேஷம்? மற்ற பல நிலையங்களில் முக்கோணம் மட்டும்தான். இங்கே சங்கிலியும் போட்டார்கள், நட்சத்திரமும் பார்த்தார்கள். அதற்கென்றே ஜெனித் செக்டர் என்று தனியாக ஒரு கருவி. ஐந்தடி ஆரம். தலைக்கு நேர் மேலே வரும் நட்சத்திரம், தூக்குக்குண்டுக் கோட்டில் இருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்று காட்டும். ஏற்றக் கோணத்தையே மேலே இருந்து கீழாக எண்ணுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் புன்னை என்ற நிலையம். அங்கே பார்த்த அதே நட்சத்திரங்களை இங்கேயும் பார்த்தால், இரண்டு கோணங்களின் வித்தியாசமே இரண்டு ஊர்களின் அட்சரேகை வித்தியாசம். அது சுமார் 2 டிகிரி 50 நிமிடம். தரையில் முக்கோணக் கணக்குப்படி தூரம் சுமார் 314 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், ஒரு டிகிரிக்கு சுமார் 110.6 கிலோமீட்டர் வரும். 360ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு கையில்! வடக்கே போகப்போக டிகிரியின் நீளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறதா என்று பார்த்தால் பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பதும் தெரியும். கொங்கு நாட்டுப் பாளையம் ஒன்று பூமியின் வடிவத்தை நிர்ணயிக்கும் புள்ளியாக இருந்தது என்றால் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

பெங்களூர்ப் பக்கம் வந்த விடை மட்டும் மற்றவற்றோடு ஒட்டவில்லை. வேறு யாராவது என்றால் கணக்கை லேசாகத் தட்டிச் சரி பண்ணியிருப்பார்கள். நம் ஆய்வக ரிக்கார்டுகளில் நடக்காததா! லாம்டன் அப்படிச் செய்யவில்லை. பூமிக்கடியில் கனமான பாறை இருந்து தூக்குக்குண்டையே பக்கவாட்டில் இழுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, அதையும் எழுதிவைத்தார். அந்தச் சந்தேகம் நியாயமானது என்று பின்னால் வந்த விஞ்ஞானம் காட்டியது.

தஞ்சாவூரில் விழுந்த அடி

1808ல் தஞ்சாவூர். காவிரிச் சமவெளியில் மலை ஏது? எங்கே பார்த்தாலும் தென்னை. கோயில் கோபுரங்களின் மேலேதான் கருவியை ஏற்றினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே இழுக்கும்போது ஒரு கயிறு அறுந்தது. கருவி ஊசலாடிப்போய்ச் சுவரில் மோதி, கோணம் படிக்கும் பெரிய வட்டம் வளைந்துபோயிற்று.

வட்டம் வளைந்தால் தியோடலைட் வெறும் பித்தளைதான். மாற்றுக் கருவி இந்தியாவில் கிடையாது. லாம்டன் தன் கைக்காசில் இங்கிலாந்தில் புதுக் கருவிக்குச் சொல்லிவிட்டார். அது வரும்வரை சும்மா உட்காரவில்லை. கூடாரத்துக்குள் புகுந்து, கருவியை அக்கக்காகக் கழற்றினார். ஒரு பெரிய பலகையில் வட்டத்தின் சரியான அளவை வரைந்து, ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, கைவினைஞர்களின் உதவியோடு மயிரிழை மயிரிழையாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரம். அதற்குப் பிறகு அதே கருவி பல வருஷம் உழைத்தது. டேராடூனில் சர்வே ஆஃப் இந்தியாவிடம் அதை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்துப் பட்டறைக்காரர்கள், பம்ப் செட்டும் டெக்ஸ்டைல் மெஷினும் பிரித்துப்போட்டுச் சரி பண்ணுகிறவர்கள், இந்த மனிதரைத் தங்கள் சாதிசனம் என்றே சொல்வார்கள்.

ஏற்றக் கோணத்தின் ஏமாற்று வித்தை

மாணவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு மலை. உச்சிக்கு ஏற்றக் கோணம் 6 டிகிரி. டேன் 6 என்பது 0.105. ஆக, கருவி மட்டத்தில் இருந்து உயரம் சுமார் 1,051 மீட்டர். முடிந்ததா? முடியவில்லை. கோணத்தில் ஒரே ஒரு நிமிடம் தப்பு என்றால் உயரத்தில் மூன்று மீட்டர் போயிற்று. அப்புறம் பூமி வளைந்திருப்பதால் அந்தத் தூரத்தில் மலை சுமார் 8 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். காற்று ஒளியை வளைப்பதால் ஒரு மீட்டர் போல மேலே தூக்கிக்காட்டும். காலையில் ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி. பத்து கிலோமீட்டரில் இது சில்லறை. 160 கிலோமீட்டரில் வளைவு மட்டும் 2,000 மீட்டருக்கு வந்துவிடும்!

இதற்கு நில அளவைக்காரர்கள் கையாண்ட வழி எளிமையானது. இந்த மலையில் இருந்து அந்த மலையைப் பார்ப்பது, அந்த மலைக்குப் போய் இந்த மலையைத் திரும்பிப் பார்ப்பது. இரண்டு கோணங்களையும் சேர்த்தால் காற்றின் குறும்பு பெரும்பாலும் அடிபட்டுப் போகும். சென்னைக் கடற்கரையில் கடல் மட்டத்தில் ஆரம்பித்து, இப்படிக் கோணம் கோணமாகத்தான் லாம்டன் உயரங்களை உள்நாட்டுக்கு எடுத்துவந்தார். ஏற முடியாத, போக முடியாத இமயமலைச் சிகரங்களைப் பார்த்தபோது அவருக்குப் பின்வந்தவர்கள் நூறு மைலுக்கு அப்பால் நின்று, காற்றின் வளைவைக் கணக்குப் போட்டே உயரம் கண்டார்கள். ராதாநாத் சிக்தார் என்ற வங்காளத்துக் கணித மேதை அந்தக் கணக்கில் முக்கியப் பங்கு வகித்தார். 15-ம் எண் சிகரம் 29,002 அடி என்று 1856ல் அறிவித்தார்கள். 1865ல் அதற்கு எவரெஸ்டின் பெயரைச் சூட்டினார்கள்.

வழியிலேயே முடிந்த பயணம்

1818ல் இந்த வேலைக்கு மகா திரிகோணமிதி அளவை என்று பெயர் கொடுத்தார்கள். அதே வருஷம் ஜார்ஜ் எவரெஸ்ட் உதவியாளராக வந்து சேர்ந்தார். லண்டன் ராயல் சொசைட்டியும் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகமும் லாம்டனுக்கு மரியாதை செய்தன. அவரோ ஊருக்குத் திரும்பிப் போய் மாலை வாங்கிக்கொள்ளவில்லை. எழுபதை ஒட்டிய வயதில், காச நோயோடு, ஐதராபாத்தில் இருந்து நாகபுரிக்கு முகாமை மாற்றிக்கொண்டு போகும் வழியில், 1823 ஜனவரியில் ஹிங்கன்காட் என்ற ஊரில் காலமானார். அவர் சமாதி அங்கேதான் இருக்கிறது. எவரெஸ்ட் அதே கோட்டை இமயமலை அடிவாரம் வரை, சுமார் 2,400 கிலோமீட்டர் நீளத்துக்கு, கொண்டுபோய் முடித்தார். 1830ல் அவர் கணக்கிட்ட பூமி வடிவத்தில் லாம்டனின் தென்னாட்டு அளவுகளும் அடக்கம். நாம் சர்வே கேம்ப்பில் விரித்துப் பார்த்த டோபோ ஷீட்டுகள் எல்லாம் அந்த வடிவத்தின் மேல் வரைந்தவை. பேர் சிகரத்துக்குப் போயிற்று. அஸ்திவாரம் போட்டவர் ஹிங்கன்காட்டில் படுத்திருக்கிறார்.

இப்போது டோட்டல் ஸ்டேஷன் வந்துவிட்டது, ஜி.பி.எஸ். வந்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் உயரம் திரையில் விழுகிறது. நல்லதுதான்; நான் பழைய பஞ்சாங்கம் இல்லை. ஆனால் திரையில் விழுந்த எண் சரியா தப்பா என்று சந்தேகப்படத் தெரிய வேண்டும். டாப்ஸ்லிப்பில் தேக்கு மரத்தின் உயரம் பார்க்கும் வன அதிகாரிக்கும், பல்லடம் பக்கம் காற்றாலை நிறுத்தும் இன்ஜினியருக்கும், மாடியில் சோலார் பலகை மாட்டுகிறவருக்கும் கடைசியில் வேண்டியது ஒரு கோணம். நம் ஊரில் சோலார் பலகையை ஏறக்குறைய 11 டிகிரி சாய்த்து வைக்கிறார்கள் பாருங்கள், அது என்ன எண்? நம் அட்சரேகை. 1806ல் லாம்டன் இந்த மண்ணில் நட்சத்திரம் பார்த்து எழுதிய எண்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய வெர்னியர் தியோடலைட்டுகளைப் பல இடங்களில் கழித்துக்கட்டி எடைக்குப் போடுகிறார்கள். நம் சர்வே லேப்பில் மிச்சம் இருப்பவற்றில் ஒன்றையாவது துடைத்து, எண்ணெய் விட்டு, வைத்துக்கொள்ள வேண்டும். செலவை எங்கள் வருஷத்துப் பையன்கள் ஏற்கத் தயார். வருஷத்துக்கு ஒரு ராத்திரி முதலாண்டு மாணவர்களை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் வடக்கே திருப்பி, துருவ நட்சத்திரத்தின் ஏற்றக் கோணத்தை அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். அடிவானத்தில் புகை இல்லாத மார்கழி ராத்திரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 11 டிகிரியை ஒட்டி வரும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஒவ்வொருவரையும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். லாம்டன் என்ற பெயர் அப்புறம் மறக்காது.